சார்த்தோ: தையற்காரர் என்னும் குடும்பப் பெயர்

பதுவை நகரைப் பற்றி நம் குடும்பங்களுக்கு அறிமுகம் தேவையில்லை. கோடி அற்புதரான அந்தோணியாரின் திருப்பண்டம் அங்கேதான் உள்ளது. அந்நகரில் வேலை நிமித்தமாகக் குடியேறியுள்ள என் இளைய மகனையும், புதிதாகப் பிறந்த பேரனையும் காணச் சென்ற ஐப்பசியில் நானும் என் மனைவியும் போயிருந்தோம். மகன் குடியிருக்கும் மாடிக் கட்டடத்தின் வாயிலில் ஒரு பித்தளைப் பலகை. அதில் மணிப் பொத்தான்கள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொரு பொத்தானுக்கும் அருகில் அவ்வீட்டாரின் குடும்பப் பெயர் மட்டும் எழுதப்பட்டிருந்தது. நம் தல்லாகுளத்தில் கதவெண்ணும், தெருவும், 'கோயிலுக்குப் பின்னால்' என்ற குறிப்பும் சொன்னால்தான் தபால்காரருக்கு வழி தெரியும். அங்கோ குடும்பப் பெயர் ஒன்றே வீட்டின் அடையாளம்.

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தேன். ரோஸ்ஸி, ஃபவேரோ, சார்த்தோரி, சார்த்தோ. அதற்கும் கீழே என் பெயர்! ஞானஸ்நானத்தில் எனக்கு மட்டும் இடப்பட்ட பெயர், என் மகனுடைய குடும்பத்தின் பெயராக, இனி என் பேரனும் அவன் மக்களும் தாங்கப்போகும் பெயராக, அந்நிய நாட்டுச் சுவரில் ஒட்டியிருந்தது. மகனுடைய பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்னும் கட்டத்தில் தகப்பன் பெயரை எழுதிக் கொடுத்தோம். அதுவே இப்படி வளர்ந்துவிட்டது.

ஆயினும் அன்று என்னை நெடுநேரம் நிறுத்தி வைத்தது என் பெயரன்று. அதற்கு மேலே இருந்த 'சார்த்தோ' என்னும் பெயர். அப்பெயரை நான் என் தந்தையின் வாயிலாகச் சிறு வயதிலேயே கேட்டவன்.

என் தந்தை தையற்காரர். இளமையில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரேயுள்ள புதுமண்டபத்தில் ஒரு இசுலாமியப் பெரியவரிடம் தொழில் பழகி, பின்னர் தல்லாகுளத்தில் வீட்டுத் திண்ணையிலேயே சிங்கர் மெஷின் ஒன்றைப் போட்டுக்கொண்டு தைத்து வந்தார். குருக்களின் அங்கி தைப்பதில் அவருக்குத் தனிப்பெயர் உண்டு. 1954-ஆம் ஆண்டு மே மாதம் 29-ஆம் நாள் உரோமையில் பாப்பரசர் பத்தாம் பத்திநாதர் அர்ச்சிஷ்டராக உயர்த்தப்பட்டார். அதற்கடுத்த சில வாரங்களில், அளவு கொடுப்பதற்காக வந்திருந்த பங்குச் சுவாமியார், 'இந்தப் புதிய அர்ச்சிஷ்டவருடைய வீட்டுப் பெயர் என்ன தெரியுமா? சார்த்தோ. உம்முடைய தொழில்தான் ஐயா, தையற்காரர் என்று பொருள்' என்றாராம். அவ்வாண்டு ஆகஸ்டு மாதத்தில் நான் பிறந்தேன். பாப்பரசரின் பெயரையே எனக்கு இட்டார்கள். தையற்காரர் என்ற பெயருடைய ஒருவர் பேதுருவின் ஆசனத்தில் அமர்ந்தார் என்பதை என் தந்தை, துணி கொண்டு வருவோரிடமெல்லாம் சொல்லி மகிழ்வார்.

எனக்கோ அம்மகிழ்ச்சி அக்காலத்தில் விளங்கவில்லை. பள்ளியில் என்னை 'தையற்காரன் மகன்' என்றே கூப்பிட்டார்கள். அச்சொல்லில் பொய் இல்லை. ஆனால், அது சொல்லப்பட்ட முறையில் 'நீ இன்ன இடத்தில் நில்' என்ற ஆணை இருந்தது. ஒரு நாட்டில் ஒரு பாப்பரசருக்குப் பெயராக அமைந்த சொல், இன்னொரு நாட்டில் ஒரு சிறுவனுக்கு ஏன் சுட்டது? இக்கேள்வியோடுதான் சார்த்தோ என்ற பெயரின் வரலாற்றைத் தேடலானேன்.

முதலில் சொல்லின் பிறப்பைப் பார்ப்போம். இலத்தீனில் 'சார்ச்சிரே' என்றால் கிழிந்ததை ஒட்டுப்போட்டுச் செப்பனிடுதல். அதைச் செய்பவர் 'சார்த்தோர்'. ஆகவே தொடக்கத்தில் அவர் புத்தாடை தைப்பவர் அல்லர். கிழிசல் தைப்பவர். ஏழைகளுக்குப் புதுத்துணி ஏது? பின்னாளில் வெட்டித் தைக்கும் கலைஞருக்கும் அதே பெயர் நிலைத்து, இத்தாலிய மொழியில் 'சார்த்தோ' ஆயிற்று. நம் தமிழிலும் இதற்கு ஒப்பான பழஞ்சொல் உண்டு. துன்னம் என்றால் தையல். சிலப்பதிகாரம் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துத் தொழிலாளரை வரிசையாகக் கூறும்போது துன்னகாரரையும் சேர்த்தே கூறுகிறது. திருவுருவங்களுக்கு ஆடை அணிவிப்பதை நாம் 'சாத்துதல்' என்கிறோம். அதனால் சார்த்தோவும் சாத்துதலும் ஒரு தாய்ப் பிள்ளைகள் என்று யாரேனும் கிளம்பிவிடக்கூடாது. ஒலி ஒத்திருப்பது தற்செயல். இப்படி ஒலியை மட்டும் பிடித்துக்கொண்டு ஊர்ப்பெயர்களுக்கும் மனிதர் பெயர்களுக்கும் கதை கட்டுவது நம்மிடையே மலிந்துவிட்டது.

மருத்துவம் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் இருந்தால் கேட்டுப் பாருங்கள். இடுப்பெலும்பிலிருந்து தொடையைக் குறுக்காகக் கடந்து முழங்காலின் உட்புறம் சேரும் தசைக்கு 'சார்ட்டோரியஸ்' என்று பெயர். உடலிலேயே மிக நீண்ட தசை அது. முற்காலத் தையற்காரர்கள் காலை மடக்கிச் சம்மணமிட்டு அமர்ந்து தைத்தார்கள். அப்படி அமர உதவும் தசை என்பதால் அவர்கள் பெயரையே அதற்குச் சூட்டிவிட்டார்கள்.

ஒரு தொழிலின் பெயர் எப்போது ஒரு குடும்பத்தின் பெயராகிறது? இதற்கு ஓர் எளிய விதி உண்டு. ஊரில் எல்லாரும் செய்யும் தொழில் பெயராவது அரிது. எல்லாரும் உழும் ஊரில் 'உழவர்' என்று ஒருவரை அழைத்தால் யார் திரும்பிப் பார்ப்பார்? ஊருக்கு ஒருவராக இருப்பவருடைய தொழிலே அவரை மற்றவரினின்று பிரித்துக் காட்டும். அந்த ஒருவர் கொல்லர். இத்தாலியில் மிகுதியாக வழங்கும் குடும்பப் பெயர்கள் ரோஸ்ஸி, ருஸ்ஸோ, ஃபெர்ராரி என்பன. முதலிரண்டும் செம்பட்டை முடிக்காரர் என்னும் பட்டப்பெயரிலிருந்து வந்தவை. மூன்றாவதாகிய ஃபெர்ராரி கொல்லரைக் குறிப்பது. விரைந்தோடும் மோட்டார் வண்டியை நினைவூட்டும் அப்பெயர், உண்மையில் உலைக்களத்துக் கரியில் பிறந்தது. அதே கொல்லர் எமிலியாவிலும் தொஸ்கானாவிலும் 'ஃபப்ரி' ஆனார். வடகிழக்கிலுள்ள வெனெத்தோ நாட்டில் 'ஃபவேரோ' ஆனார். தெற்கே கம்பானியாவில் 'ஃபொர்ஜோனே' ஆனார். இக்கடைசிப் பெயர் நம் வாசகர்களுக்குப் புதிதன்று. 2002-ஆம் ஆண்டு புனிதராக உயர்த்தப்பட்ட ஐந்துகாயத் தந்தை பியோவின் வீட்டுப் பெயர் அதுவே.

தையற்காரர் கதையும் இவ்வாறே. ஆனால் இங்கே ஒரு வேடிக்கை. வெனெத்தோவிலும் அதை ஒட்டிய மலைநாட்டிலும் 'சார்த்தோரி' என்னும் பெயர் மலிந்து கிடக்கிறது. எமிலியா, ரோமாஞா பக்கங்களில் 'சார்த்தி'. 1729-ஆம் ஆண்டு ஃபயென்சாவில் பிறந்த இசைமேதை ஜுசெப்பே சார்த்தி அவ்வழி வந்த பெயரினர். சார்த்தோர், சார்த்தோரே, சார்த்தோரியோ என்னும் வடிவங்களும் உள்ளன. 'சார்த்தோ' என்னும் நேர் வடிவமோ இவற்றுள் அருகியே காணப்படுகிறது. அதுவும் பெரும்பாலும் வெனெத்தோவிற்குள்ளேயே ஒடுங்கியிருக்கிறது. அகராதியில் அன்றாடம் வழங்கும் சொல் பெயராகும்போது அரிதாவானேன்?

காரணம் எழுத்தர்கள். பெயரை மக்கள் சொன்னார்கள். ஏட்டில் எழுதியவர்கள் பத்திரம் எழுதும் நோட்டரிகளும் பங்குக் குருக்களுமே. அவர்களுடைய மொழி இலத்தீன். 'இன்னார், தையற்காரரின் மகன்' என்பதை இலத்தீனில் எழுதும்போது 'சார்த்தோரிஸ்' என்று வேற்றுமை உருபேற்று நின்றது. வெனெத்தோ மக்களின் பேச்சிலும் தையற்காரர் 'சார்த்தோர்' தான். இரண்டும் சேர்ந்து சார்த்தோரி என்ற பெயருக்குப் பெருக்கம் தந்தன. எந்த வேற்றுமையும் ஏற்காமல், பொது இத்தாலியச் சொல்லாகவே நின்றுவிட்ட சார்த்தோ சிறுபான்மையாயிற்று. ஏட்டில் எழுதிய கையின் பழக்கம் ஒரு வம்சத்தின் பெயரை முடிவு செய்துவிட்டது என்றால் வியப்பாயில்லையா?

இத்தாலியரின் குடும்பப் பெயர்களை நிலைப்படுத்தியதில் திருச்சபைக்குப் பெரும்பங்கு உண்டு. வெனீசின் பெருங்குடியினர் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே குடும்பப் பெயர் தாங்கினர். ஏழை எளியவரோ 'பேதுருவின் மகன் யோவான்' என்ற அளவில் நெடுங்காலம் வாழ்ந்தனர். திரிதெந்து சங்கம் 1563-ஆம் ஆண்டு நவம்பர் 11-ஆம் நாள், ஒவ்வொரு பங்குக் குருவும் திருமண ஏடு ஒன்றை வைத்திருக்க வேண்டும் என்றும், மணமக்கள், சாட்சிகள் ஆகியோரின் பெயர்களையும் நாளையும் இடத்தையும் அதில் எழுத வேண்டும் என்றும் விதித்தது. இரகசியத் திருமணங்களைத் தடுப்பதும், விலக்கப்பட்ட உறவுக்குள் மணம் நிகழாமல் காப்பதும் நோக்கம். 1614-ஆம் ஆண்டின் உரோமைச் சடங்கு நூல் ஞானஸ்நானம், உறுதிபூசுதல், திருமணம், இறப்பு, பங்கு மக்களின் நிலை ஆகியவற்றுக்கு ஏடுகளையும் அவற்றை எழுதும் மாதிரிகளையும் வகுத்துத் தந்தது. ஊரில் பத்து யோவான்கள் இருந்தால் எந்த யோவான் எந்த மரியாளுக்கு எத்தனையாம் தலைமுறை உறவு என்று எப்படிக் கணக்கிடுவது? ஆதலால் குடும்பப் பெயர் வேண்டியதாயிற்று. அதுவும் மாறாமல் நிற்க வேண்டியதாயிற்று. தையற்காரரின் மகன் செருப்புத் தைக்கப் போனாலும் ஏட்டில் அவன் சார்த்தோதான். அன்றிலிருந்து பெயர் தொழிலை விட்டுப் பிரிந்தது.

பத்தாம் பத்திநாதரின் குடும்பமே அதற்குச் சான்று. திரெவீசோ மாகாணத்து ரியேசே என்னும் சிற்றூரில் 1835-ஆம் ஆண்டு ஜூன் 2-ஆம் நாள் ஜுசெப்பே மெல்கியோரே சார்த்தோ பிறந்தபோது அவருடைய தந்தை தையற்காரராக இல்லை. ஊர்மன்றத்தின் சேவகராக, ஓலை கொண்டு செல்பவராக இருந்தார். தையல் வேலை செய்தவர் தாய்தான். மார்கரீத்தா சான்சோன் என்னும் அந்த அம்மையார் பிறருக்குத் துணி தைத்துக் கொடுத்துப் பிள்ளைகளை வளர்த்தார். தொழிலின் பெயர் தந்தை வழியில் வந்தது. தொழிலோ தாயின் விரல்களில் இருந்தது.

அவருடைய பெயரைச் சுற்றி ஒரு கதையும் உலவுகிறது. அவருடைய தந்தை போலந்து நாட்டிலிருந்து வந்தவராம். அவருடைய உண்மைப் பெயர் 'கிராவியெத்ஸ்' ஆம். போலிஷ் மொழியில் அதற்குத் தையற்காரர் என்பது பொருளாகையால், இத்தாலியில் குடியேறியதும் சார்த்தோ என்று மொழிபெயர்த்துக்கொண்டாராம். கேட்கச் சுவையாகத்தான் இருக்கிறது. ஆனால் வெனெத்தோவின் பழைய பதிவுகளில் அவருடைய பாட்டனாரும் சார்த்தோவே. முன்னே சொன்ன பங்கு ஏடுகள் இல்லாவிட்டால் இக்கதை இன்று வரலாறாகவே படிக்கப்பட்டிருக்கும்.

ஒரு குடும்பப் பெயர் அரிதாவதற்கு மற்றொரு காரணமும் உண்டு. பெயர் ஆண்மக்கள் வழியே செல்வதால், ஆண்பிள்ளை இல்லாத கிளையில் அது நின்றுவிடும். ஏற்கெனவே சிலரே தாங்கும் பெயராயின் சில தலைமுறைகளில் மறைந்துபோதலும் கூடும். இதை 1870-களில் கால்டன், வாட்சன் என்ற ஆங்கிலேயர் இருவர் கணக்குப் போட்டே காட்டினர். சார்த்தோ வீட்டையே பாருங்கள். வளர்ந்து ஆளான ஆண்மக்கள் இருவரே: ஜுசெப்பேயும் தம்பி ஆஞ்சலோவும். ஏனையோர் சகோதரியர் அறுவர். மூத்தவர் குருவாகி, ஆயராகி, வெனீசின் மறைமுதுவராகி, 1903-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் பாப்பரசரானார். மணம் புரியாத சகோதரியர் மூவர் அவர் சென்ற இடமெல்லாம் சென்று வீட்டைப் பார்த்துக்கொண்டனர். தமையன் பாப்பரசரான பின் அவர்களுக்கு என்ன பிரபுப் பட்டம் வழங்கலாம் என்று கேட்கப்பட்டபோது, 'பாப்பரசரின் சகோதரிகள்' என்பதே போதும் என்று அவர் கூறியதாகச் சொல்வர். அவர் தேர்ந்துகொண்ட சின்னத்தில் நங்கூரமும் விண்மீனும் வெனீசின் சிங்கமும் உள்ளன. ஊசியோ கத்தரியோ இல்லை.

ஆனால் தையற்காரர்களுக்கு அவர் செய்த ஓர் உதவியை என் தந்தை ஆண்டுதோறும் நினைவுகூர்வார். முன்பெல்லாம் பிள்ளைகள் பத்து, பன்னிரண்டு வயதும் அதற்கு மேலும் ஆனபின்புதான் புதுநன்மை வாங்கினார்கள். 1910-ஆம் ஆண்டு ஆகஸ்டில் பத்தாம் பத்திநாதர் வெளியிட்ட ஆணையால் புத்தி தெளியும் ஏறத்தாழ ஏழு வயதிலேயே அந்தப் பாக்கியம் கிடைத்தது. என் தந்தையின் திண்ணையில் புதுநன்மைக் காலத்தில் வெள்ளைச் சட்டைகளும் சிறுமியரின் வெள்ளைக் கவுன்களும் மலைபோல் குவியும். எல்லாம் சிறு சிறு அளவுகள். 'நம்ம சார்த்தோ சாமி கொடுத்த வேலை' என்று சொல்லிக்கொண்டே இரவெல்லாம் மெஷினை மிதிப்பார்.

இனி நம் நாட்டுக்கு வருவோம். இதே திருச்சபை, இதே ஏடுகள். இருந்தும் மதுரைக் கத்தோலிக்கருக்குக் குடும்பப் பெயர் ஏற்படாமல் போனது ஏன்? கடற்கரைக்குச் சென்றால் நிலைமை வேறு. தூத்துக்குடியிலும் முத்துக்குளித்துறை ஊர்களிலும் பர்னாந்து, மோத்தா, ரோச், கோமஸ், வாஸ், மிராண்டா, மச்சாடோ என்று வீட்டுக்கு வீடு போர்த்துகீசியப் பெயர்கள். 1535-ஆம் ஆண்டை அடுத்த சில ஆண்டுகளில் பரதவர் குலத்தார் ஆயிரக்கணக்கில் ஞானஸ்நானம் பெற்றபோது, ஞானத்தந்தையராக நின்ற போர்த்துகீசியரின் பெயர்கள் அவர்களுக்கு வாய்த்தன. அவற்றுள்ளும் தொழிற்பெயர்கள் கலந்துள்ளன. மச்சாடோ என்றால் கோடரி. கோடரி செய்தவரையோ கோடரி கொண்டு பிழைத்தவரையோ குறித்து எழுந்த பெயர். இத்தாலியிலும் அதே பொருளில் 'அச்செத்தா' என்று ஓர் அருகிய பெயர் உண்டு. ஆனால் தூத்துக்குடி மச்சாடோவின் முன்னோர் முத்துக்குளித்தவர், கடலோடியவர். காடு வெட்டியவர் அல்லர். போர்த்துக்கல்லில் எங்கோ ஒரு கொல்லனோ மரம்வெட்டியோ விட்டுச் சென்ற பெயர், கப்பலேறி வந்து ஒரு கடல்மகனின் பெயராயிற்று. முன்னே சொன்ன விதியையும் இங்கே பொருத்திப் பார்க்கலாம். கடற்கரையில் எல்லாரும் கடல் தொழில் செய்தமையால் 'முத்துக்குளிப்பவர்' என்பது எந்தத் தனிக் குடும்பத்துக்கும் பெயராகவில்லை.

உள்நாட்டில் நடந்தது முற்றிலும் வேறு. 1606-ஆம் ஆண்டு மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நோபிலி, கிறிஸ்தவராவதற்குப் பறங்கியராக மாற வேண்டியதில்லை என்று கண்டார். அவருடைய குடும்பப் பெயருக்கு 'பெருங்குடியினர்' என்று பொருள். மக்களோ அவரைத் தத்துவபோதகர் என்றே அழைத்தனர். ஜான் தெ பிரிட்டோ அருளானந்தர் ஆனார். கொன்ஸ்தான்சோ பெஸ்கி முதலில் தைரியநாதராகவும், பின்னர் வீரமாமுனிவராகவும் ஆனார். கவனியுங்கள்: ஞானஸ்நானப் பெயரைத் தமிழ் மொழிபெயர்த்து ஏற்றுக்கொண்டது. குடும்பப் பெயரை வாசலிலேயே நிறுத்திவிட்டது. பேதுரு இராயப்பராகவும், முடியப்பராக ஸ்தேவானும், ஞானப்பிரகாசியாராக அலோசியுசும், பத்திநாதராகப் பியோவும் நம் வீடுகளுக்குள் வந்தனர். பெஸ்கியும் நோபிலியும் நூல்களின் அட்டையில் மட்டுமே உள்ளனர்.

அப்படியானால் தொழிலைக் குறித்து மனிதரை அழைக்கும் வழக்கம் நம்மிடம் இல்லையா? நிறையவே உண்டு. தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டு, கோயிற் பணியாளரின் நீண்ட பட்டியலில் தையற்காரரைத் 'தய்யான்' என்று குறித்து அவருக்குரிய நெற்பங்கையும் சொல்கிறது. அக்கோயிலை எழுப்பிய தலைமைத் தச்சர் குஞ்சரமல்லனுக்கு இராசராசப் பெருந்தச்சன் என்று மன்னனின் பெயரோடு சேர்ந்த சிறப்பு கிட்டியது. பம்பாய்ப் பார்சிகள் ஆங்கிலேயர் காலத்தில் தொழிலையே குடும்பப் பெயராக்கிக்கொண்டனர். கிரிக்கெட் ஆடிய நாரி காண்ட்ராக்டரும் ஃபரூக் எஞ்சினியரும் நமக்குத் தெரிந்தவர்களே. ஆனால் தமிழ்நாட்டில் தொழிலின் பெயர் குடும்பத்தோடு நிற்கவில்லை. சாதியின் பெயராக இறுகிவிட்டது. தச்சர், கொல்லர், குயவர், வண்ணார் என்னும் சொற்கள் ஒருவருடைய கைத்திறனைச் சொல்லவில்லை. எந்தத் தெருவில் குடியிருக்கலாம், யார் வீட்டில் பெண் எடுக்கலாம் என்பதைச் சொல்லின. நம் ஆலயங்களிலும், ஏன், கல்லறைத் தோட்டங்களிலும்கூட அந்தக் கோடுகள் கிழிக்கப்பட்டன என்பதை மறைப்பதில் பயனில்லை. இத்தாலியில் ஃபெர்ராரி என்பவர் மருத்துவராயிருந்தால் அவரை யாரும் உலைக்களத்துக்குத் திரும்பச் சொல்வதில்லை. இங்கே தொழிலை விட்டாலும் பெயர் விடவில்லை.

தையல் தொழிலுக்கு இதில் ஓரளவு விடுதலை உண்டு என்றே சொல்ல வேண்டும். அதை ஒரு குலத்துக்கு மட்டும் உரியதாக மதுரையில் யாரும் கருதியதில்லை. புதுமண்டபத்துத் தூண்களுக்கிடையே என் தந்தை தொழில் பழகிய நாளில், சித்திரைத் திருவிழாவில் அழகரை வரவேற்பவர்கள் அணியும் வண்ண உடைகளை இசுலாமியத் தையற்காரர்களே தைத்தார்கள். அக்கடைகள் இப்போது குன்னத்தூர்ச் சத்திரத்துக்குப் பெயர்ந்துவிட்டன. வேலை தொடர்கிறது. ஒருவேளை அதனால்தான் என் தந்தைக்கு 'தையற்காரர்' என்ற சொல் சுடவில்லையோ என்று இப்போது எண்ணுகிறேன். அவர் அதைக் கைத்தொழிலாகவே கேட்டார். பள்ளிக்கூடத்தில் நான் அதைக் குலமாகக் கேட்டேன்.

1929-ஆம் ஆண்டு செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு, பெயருக்குப் பின் சாதிப் பட்டம் இடுவதை விட்டொழிக்கத் தீர்மானித்தது. அதன்பின் தமிழ்நாட்டார் பலர் பெயரின் வாலை அறுத்து, முன்னே ஓர் எழுத்தை மட்டும் வைத்துக்கொண்டனர். வேறெந்த மாநிலத்தாரும் இவ்வளவு பரவலாக இதைச் செய்யவில்லை. எனக்கு இதில் பெருமையே. ஆனால் உலகத்தின் படிவங்கள் நம்மைக் கேட்டு அச்சிடப்படவில்லை. குடும்பப் பெயர் என்னும் கட்டம் வெறுமையாயிருந்தால் பயணச்சீட்டு வாங்குவது முதல் வங்கிக் கணக்கு வரை இடர்தான். 2022-ஆம் ஆண்டு நவம்பரில் ஐக்கிய அரபு நாடுகள், ஒற்றைப் பெயருடைய பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருவோரை ஏற்பதில்லை என்று அறிவித்தபோது, நம் பிள்ளைகள் எத்தனை பேர் அலைந்தார்கள்! வெளிநாடு செல்லும் பிள்ளை இருக்கும் வீட்டில், பாஸ்போர்ட்டுக்கு எழுதும்போதே பெற்றோர் இதை ஆலோசிப்பது நன்று. அன்று அவசரத்தில் எழுதுவது பேரப்பிள்ளைகளின் பெயராகிவிடும். எங்களுக்கு நேர்ந்தது அதுவே.

பதுவாவில் சார்த்தோ வீட்டு அம்மையாரை ஒருநாள் மாடிப்படியில் சந்தித்தோம். எண்பதை எட்டியவர். மகன் மொழிபெயர்க்க, பாப்பரசரின் உறவா என்று கேட்டேன். சிரித்துவிட்டார். அவருடைய கணவர் இரயில்வேயில் வேலை பார்த்தவராம். அவ்வீட்டில் ஊசியில் நூல் கோக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லையாம். 'உங்கள் பெயருக்கு என்ன பொருள்?' என்று அவர் கேட்டார். பியோ என்றேன். நம்பாமல் மகனைப் பார்த்தார்.

ஊர் திரும்பியதும், பேரனுடைய காரியமாக வேண்டியிருந்ததால், என் ஞானஸ்நானச் சான்றிதழின் நகல் கேட்டுப் பங்கு அலுவலகத்துக்குச் சென்றேன். 1954-ஆம் ஆண்டின் ஏட்டை உபதேசியார் எடுத்து வந்தார். ஓரங்கள் செல்லரித்திருந்தன. பதிவுகள் இலத்தீனில். என் பெயர், தாயின் பெயர், ஞானப்பெற்றோர் பெயர். தந்தையின் பெயருக்குப் பின்னால், அடையாளத்துக்காகவோ நட்பினாலோ, அந்தப் பழைய சுவாமியார் ஒரு சொல்லைச் சேர்த்து எழுதியிருந்தார்: சார்த்தோர். எழுதியவர் வெனெத்தோவில் ஒரு நோட்டரியாக இருந்திருந்தால் இன்று அந்தப் பித்தளைப் பலகையில் எங்களுக்கும் சார்த்தோரி என்றே பெயர் இருந்திருக்கும்.

உபதேசியார் அச்சிட்ட படிவத்தை எடுத்து நிரப்பத் தொடங்கினார். தந்தையின் பெயரை எழுதி முடித்தவர் அடுத்த சொல்லில் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். அவருடைய தொழில் என்றேன். படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தொழிலுக்கு அதில் கட்டம் இல்லை. முத்திரை குத்தி என்னிடம் கொடுத்தார்.